தாத்தாவின் நீல பாட்டிலும் என் அடிக்காத அலாரமும்

போன மாசம் ஒரு ராத்திரி மூணு மணிக்கு அம்மா என்னைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தார்கள். "டேய், எந்திரிடா! என்னடா இப்படி வேர்த்துக் கெடக்குற? ஃபேன் ஓடுதேடா!" அம்மா பேசுவது காதில் விழுகிறது. ஆனால் என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. எழுந்திருக்கணும்னு தோணுது, கை கால் கேட்க மாட்டேங்குது. அம்மாவுக்குப் பழக்கம். சமையலறைக்கு ஓடி, குளுக்கோஸ் பவுடரை டம்ளரில் கரைத்துக் கொண்டுவந்து புகட்டிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து நிதானம் வந்து விரலைக் குத்திப் பார்த்தால் மீட்டரில் 58. குளுக்கோஸ் குடிச்ச பிறகே 58. அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்? தெரிஞ்சுக்க எனக்கு ஆசையில்லை.

புதுசா படிக்கிறவங்களுக்கு: எனக்கு டைப் 1 சர்க்கரை நோய். இன்ஜினியரிங் மூணாவது செமஸ்டரில் வந்தது. (அரியர் வரும்னு நினைச்சேன், இது வந்தது.) இன்சுலின் ஊசி போட்டால்தான் வண்டி ஓடும். கொஞ்சம் கூடப் போட்டால் மேலே சொன்ன மாதிரி ராத்திரி மூணு மணிக் கச்சேரி.

இதில் வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு ராத்திரி என் கையில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தது. வட்டமா, பெரிய பொத்தான் சைஸ். ஒண்ணு 14 நாள் வரும், விலை ஐயாயிரத்தை ஒட்டி. சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் போனில் அலாரம் அடிக்கணும். அடிக்கலை. ஏன் அடிக்கலைன்னு மறுநாள் நோண்டிப் பார்த்தேன். முந்தின நாள் சாயந்திரம் போன் தானாகவே அப்டேட் ஆகி, 'பேட்டரி சேமிப்பு' என்ற புண்ணிய காரியத்துக்காக அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டது. எனக்கு முன்னாடியே அது தூங்கிடுச்சு!

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் சங்கீதம். அப்புறம் ஒரு பையன் வந்து, "சார், உங்க போன் மாடல் எங்க பட்டியல்ல இல்ல சார். வேற போன்ல போட்டுப் பாருங்க சார்" என்றான். பாவம், அவனுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் அவன் படிக்க முடியும். ரெண்டு நாள் கழித்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. யாருக்கு?

கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. பேர் சொல்லித் திட்டினால் எனக்கு ஆறும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடுப்பில் ஒரு காரியம் செய்தேன். இந்த சுகர் அளக்கிற சமாச்சாரம் எப்படி நம்ம கைக்கு வந்தது என்று ஒரு மாசமாகத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. இந்தக் கருவியின் சரித்திரத்தில் முக்கியமான சில திருப்பங்களில், என்னை மாதிரியே கடுப்பான ஒரு நோயாளியோ, நோயாளியைப் பெற்றவரோ நிற்கிறார். அதைத்தான் எழுதப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க (சர்க்கரை உங்க இஷ்டம்).

*

முதல் மீட்டர் எறும்பு. நிஜமாத்தான். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம்ம ஊர் பழைய வைத்தியர்கள் கவனித்திருக்கிறார்கள். 'மதுமேகம்' என்ற பெயரிலேயே தேன் இருக்கிறது. ரெண்டாவது மீட்டர் வைத்தியரின் நாக்கு. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் 1670-களில், நோயாளியின் சிறுநீர் தேன் கலந்த மாதிரி இனிக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். நூறு வருஷம் கழித்து, 1776-ல், லிவர்பூலில் மாத்யூ டாப்சன் என்ற மருத்துவர் சிறுநீரைக் காய்ச்சி வற்ற வைத்து, மிஞ்சியது சர்க்கரைதான் என்று காட்டினார். ரத்தத்திலும் அந்த இனிப்பு இருக்கிறது என்றும் சொன்னார். அதாவது இது சிறுநீரக வியாதி மட்டும் இல்லை, உடம்பு முழுக்க ஓடுகிற விவகாரம்.

1908 வாக்கில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் தன் நீலக் கரைசலை உருவாக்கினார். பிளஸ் டூ பிராக்டிகலில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். 5 மில்லி நீலக் கரைசலில் 8 சொட்டு சிறுநீர் விட்டுக் கொதிக்க வைக்கணும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் ஏகப்பட்டது இருக்குன்னு அர்த்தம். சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்குத் தனிப் பிரிவு தொடங்கினார். நாட்டிலேயே அப்படிப்பட்ட முதல் பிரிவு அது என்பார்கள். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்கும் வீட்டில் பார்ப்பது என்றால் இந்த நீல பாட்டில்தான்.

இங்கே என் தாத்தா வருகிறார். அப்பாவைப் பெற்றவர், ரயில்வேயில் இருந்தவர், திருச்சி. நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அப்பா சொல்லித்தான் தெரியும். தினம் காலையில் பல் தேய்த்த கையோடு கொல்லைப்புறத்தில் ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் ட்யூப், நீல பாட்டில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாராம். ட்யூப்பைப் பிடிக்க மரக் கிளிப். கொதித்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நீலம்டா!" என்று வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்வாராம். அன்னிக்கு முழுக்க மனுஷனுக்கு உற்சாகம். மத்தியானம் சாப்பாட்டில் பாட்டியிடம் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்குவாராம்.

அவருக்குத் தெரியாத விஷயம் இது: ரத்தத்தில் சுமார் 180 தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். வயதாக ஆக அந்த வரம்பு இன்னும் மேலே போகவும் போகும். தாத்தா பார்த்தது காலையில் வெறும் வயிற்றில். அந்த நேரத்து நீலம், மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று சொல்லாது. 170 என்றாலும் நீலம். 50 என்றாலும் நீலம். கொதிக்க வைத்து இறக்கும்போது தெரிவது இந்த நிமிஷத்து நிலவரம்கூட இல்லை, சில மணி நேரத்துக்கு முந்தின கதை. சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், சர்வர் எரிந்து முடிந்த பிறகு வருகிற லாக் ஃபைல்.

தாத்தாவுக்குக் கண் போனது. முதலில் ஒன்று, ரெண்டு வருஷத்தில் இன்னொன்று. கடைசிக் காலத்தில் ட்யூப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டு, "என்ன கலர்டா?" என்று கேட்பாராம். அப்பா பாதி நாள் பார்க்காமலே "நீலம்ப்பா" என்று சொல்லிவிடுவாராம். இதைச் சொல்லும்போது இன்னிக்கும் அப்பா முகத்தைப் பார்க்க மாட்டார்.

*

இன்சுலின் கதை உங்களுக்குத் தெரியும். 1922 ஜனவரியில் டொரண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. காலிப் சுத்தம் செய்து கொடுத்த ரெண்டாவது தடவை மருந்து வேலை செய்தது. அதுவரை டைப் 1 என்றால் பட்டினி வைத்தியம், அப்புறம் சாவு. பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் 1923-ல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டாலர்! அதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி ஸ்ட்ரிப் விலை வரும்.

மருந்து வந்துவிட்டது. எவ்வளவு போடுவது? அதற்கு அளவு வேண்டுமே. அளவுக்கு அதே நீல பாட்டில்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டின கதை.

அமெரிக்காவில் எல்கார்ட் என்ற ஊரில் ஏம்ஸ் என்று ஒரு கம்பெனி. அவர்கள் 1941-ல் ஒரு மாத்திரை கொண்டுவந்தார்கள். சிறுநீரில் போட்டால் தானே நுரைத்துக் கொதிக்கும், விளக்கே வேண்டாம். 1956-ல் அங்கே வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரட் ஃப்ரீ தம்பதி, நனைத்து எடுத்தால் நிறம் மாறுகிற காகிதப் பட்டையைக் கொண்டுவந்தார்கள். இன்னிக்கு லேபில் சிறுநீர் பரிசோதனைக்கு முக்கி எடுக்கிற பட்டைக்கெல்லாம் அதுதான் பாட்டன். 1965-ல் அதே கம்பெனி ரத்தத்துக்கு ஒரு பட்டை கொண்டுவந்தது. ஒரு பெரிய சொட்டு ரத்தம், சரியாக ஒரு நிமிஷம், தண்ணீரில் கழுவு, அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிடு. நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வந்தது. அதனால் ஆன்டன் கிளெமன்ஸ் என்பவர் பட்டையில் ஒளியடித்து, திரும்பி வரும் ஒளியை அளந்து, முள்ளில் காட்டுகிற பெட்டி ஒன்றைச் செய்தார். 1970 வாக்கில் விற்பனைக்கு வந்தது. உலகத்தின் முதல் குளுக்கோமீட்டர்.

இது யாருக்காக? மருத்துவமனைக்காக, டாக்டருக்காக. மயக்கத்தில் தூக்கி வருகிற ஆள் குடித்திருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று ராத்திரி லேப் மூடியிருக்கும்போது கண்டுபிடிக்க வசதி. நோயாளி இதை வீட்டில் வைத்துக்கொள்வார் என்று அப்போது யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

*

இப்போது நம்ம ஹீரோ. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன். இன்ஜினியர் (ஹிஹி). 12 வயதில், 1946-ல் டைப் 1 வந்தவர். டாக்டர்கள் சொன்னபடியே இருபது வருஷத்துக்கு மேல் நடந்தவர். அப்படியும் முப்பதுகளில் சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்தது, கால், கண் எல்லாவற்றிலும் கோளாறு. நாளில் பல தடவை சுகர் இறங்கிக் குழப்பம். அவர் லேப் கருவிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். 1969-ல் துறைப் பத்திரிகை ஒன்றில் இந்த மீட்டரின் விளம்பரத்தைப் பார்க்கிறார். எடை 3 பவுண்டு, விலை 650 டாலர் என்று பிற்பாடு எழுதியிருக்கிறார். வாங்கப் போனால் கம்பெனி கையை விரித்துவிட்டது: நீங்க டாக்டர் இல்லையே, உங்களுக்குக் கிடையாது.

நல்லவேளை, அவர் மனைவி மனநல மருத்துவர். மனைவி பேரில் ஆர்டர் போட்டு வாங்கினார்.

அப்புறம் அவர் செய்ததைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. இன்ஜினியர் என்ன செய்வான்? அளப்பான். ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, சில நாள் அதுக்கும் மேல் குத்திப் பார்த்து எழுதி வைத்தார். ஒரே நாளில் 40-க்குக் கீழே போய், 400-க்கு மேலே ஏறி, ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது அவருடைய சுகர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்: ஊசியைப் பிரிப்பார், சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைப்பார், மறுபடி அளப்பார். நாம் பிழைதிருத்தும்போது ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்க்கிறோமே, அதேதான். சில வருஷத்தில் எண்கள் சமமாயின. சிறுநீரில் புரதம் போவதும் நின்றது.

இதைக் கட்டுரையாக எழுதி மருத்துவப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் பட்டம் இல்லாத ஆள் பேச்சை யார் கேட்பது? மனுஷன் விடவில்லை. 45 வயதில், 1979-ல், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்! 1983-ல் டாக்டராகி வெளியே வந்து அதையே பேசினார். நாம் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிஷம் காத்திருந்ததற்கே இவ்வளவு புலம்புகிறோம். அவருடைய சாப்பாட்டு முறை எல்லாருக்கும் சரிவருமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. 2025-ல் தன் 90-வது வயதில் இறந்தார். 79 வருஷம் டைப் 1-உடன்.

இதற்கிடையில் 1978-ல் இங்கிலாந்தில் லண்டன், நாட்டிங்ஹாம் ஆகிய ரெண்டு இடத்துக் குழுக்கள், நோயாளிகளே வீட்டில் ரத்தம் பார்த்துக்கொள்ள முடியும் என்று லான்செட்டில் எழுதினார்கள். அப்போதும் கேள்வி இருந்தது: இவ்வளவு கட்டுப்பாடாக வைத்திருந்தால் நிஜமாகவே கண்ணும் சிறுநீரகமும் தப்புமா? அதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 டைப் 1 நோயாளிகளை வைத்து 1983-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். பாதிப்பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப்பேருக்கு நாளைக்கு நாலு தடவையாவது விரலைக் குத்தி, அதற்கேற்ப இன்சுலின். 1993-ல் முடிவு வந்தது. கட்டுப்பாடாக வைத்துக்கொண்டவர்களுக்குக் கண் பாதிப்பு 76 சதவீதம் குறைவு. சிறுநீரகம் 50, நரம்பு 60 சதவீதம்.

76 சதவீதம். இந்த வரியைப் படித்துவிட்டு அன்னிக்கு லேப்டாப்பை மூடிவிட்டேன். தாத்தாவுக்கு டைப் 2, ஆய்வு டைப் 1-க்கு, ரெண்டையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. தெரியும். ஆனாலும் கொல்லைப்புறத்தில் அந்த ட்யூப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

(அதே ஆய்வில் இன்னொரு விஷயம்: கட்டுப்பாடாக வைத்தவர்களுக்கு ஆபத்தான அளவுக்குச் சுகர் இறங்குவது மூணு மடங்கு அதிகம். அதாவது என் மூணு மணிக் கச்சேரி. அதனால்தான் அலாரம்.)

*

சரி, மீட்டர் நோயாளி கைக்கு வந்தாச்சு. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்களா? அங்கேதான் வியாபாரம் நுழைகிறது.

1987-ல் பேனா வடிவத்தில் ஒரு மீட்டர் வந்தது. கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்தது. நிறம் பார்க்கிற வேலையே இல்லை. ஸ்ட்ரிப்பில் ஒரு நொதி இருக்கும். அது குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி இன்னொரு பொருளிடம் கொடுக்கும், அது மின்முனைக்குக் கொண்டுபோகும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு சர்க்கரை. இன்னிக்கு நம்ம வீட்டு மீட்டர் பெரும்பாலும் இந்த ஜாதிதான். அருமையான இன்ஜினியரிங். ஆனால் கவனியுங்கள், மூளை மீட்டரில் இல்லை, ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. மீட்டர் கிட்டத்தட்ட ஒரு சின்ன கால்குலேட்டர். அதனால் மீட்டரைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு ஸ்ட்ரிப்பில் காசு பார்க்கலாம். பிரிண்டரைக் குறைந்த விலைக்குக் கொடுத்து இங்க்கில் உருவுகிற அதே வித்தை.

என் மேஜை டிராயரில் மூணு மீட்டர் செத்துக் கிடக்கிறது. மூணும் நல்லா ஓடும். ஸ்ட்ரிப்தான் கிடைக்காது. ஒன்றை வாங்கி ஒண்ணரை வருஷத்தில் மெடிக்கல் ஷாப் அண்ணன், "தம்பி, அந்த மாடல் ஸ்ட்ரிப் நின்னுபோச்சு. புது மீட்டர் ஃப்ரீயாவே தர்றான், ஸ்ட்ரிப் மட்டும் வாங்கிக்க" என்றார். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொன்றில் போகாது. சார்ஜருக்குக்கூட ஒரே முனை வந்தாச்சு, இதுக்கு வரலை. ஸ்ட்ரிப் ஒண்ணு எனக்கு இருபது ரூபாய்க்குக் குறையாமல் விழுகிறது. நாளைக்கு நாலு தடவை என்றால் கணக்குப் போட்டுக்குங்க. 1980-களில், கண்ணால் நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் இருந்த காலத்தில், காசு மிச்சம் பிடிக்க அதை நீளவாக்கில் ரெண்டாக வெட்டிப் பயன்படுத்தினவர்கள் உண்டு. மின்சார ஸ்ட்ரிப்பை வெட்டினால் குப்பைதான். முன்னேற்றம்!

அப்புறம் எண் எவ்வளவு சரி? 2013-ல் வந்த சர்வதேசத் தரம் சொல்வது: 100-க்கு மேலே என்றால் 15 சதவீதம், 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி, கூடவோ குறையவோ இருக்கலாம். நூற்றுக்கு 95 தடவை அதற்குள் இருந்தால் பாஸ். அதாவது நிஜத்தில் 70 என்றால் மீட்டர் 55 என்றும் சொல்லலாம், 85 என்றும் சொல்லலாம். 85 என்றால் நிம்மதியாகத் தூங்கப் போவேன், 55 என்றால் சர்க்கரைத் தண்ணி குடிப்பேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நேற்று 128, இன்றைக்கு 134 என்று கவலைப்படும்போதெல்லாம் இதைச் சொல்லத் தோன்றும். ஒருதரம் மாம்பழம் நறுக்கிவிட்டு அப்படியே குத்திப் பார்த்தேன், 310. கையைக் கழுவிவிட்டுப் பார்த்தால் 140. அளந்தது மாம்பழத்தின் சுகர் :-) முதல் எண்ணை நம்பி இன்சுலின் ஏற்றியிருந்தால் அன்னிக்கே கச்சேரி.

*

கடைசி அத்தியாயம் என் கையில் ஒட்டியிருக்கிற பொத்தான். தோலுக்கு அடியில் முடி மாதிரி ஒரு இழை, சில நிமிஷத்துக்கு ஒருமுறை அளவு. முதல் கருவிக்கு அமெரிக்காவில் 1999-ல் அனுமதி கிடைத்தது. அதிலும் பழைய வாசனை பாருங்கள்: மூணு நாள் பதிவாகும், நோயாளியால் எண்ணைப் பார்க்க முடியாது. டாக்டர் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். நோயாளியே பார்க்கிற மாதிரி கருவிகள் வர அதற்கப்புறமும் சில வருஷம் ஆனது.

2012-ல் அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள்காரரின் 4 வயது மகனுக்கு டைப் 1. பையன் உடம்பில் சென்சார், பக்கத்தில் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி. பையன் பள்ளிக்கூடத்தில், அப்பா அலுவலகத்தில். பெட்டி பையனிடம் இருக்கிறது, எண் அப்பாவுக்குத் தெரியாது. பெட்டியில் யு.எஸ்.பி. துளை இருந்தது. அது போதாதா நம்ம ஆளுக்கு? போனை அதோடு இணைத்து, எண்ணை இணையத்தில் ஏற்றி, தன் மேஜையிலிருந்தே பார்த்தார். 2013-ல் அதை ட்விட்டரில் போட்டதும் மற்ற பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டார்கள். 'நைட்ஸ்கவுட்' என்ற பெயரில் 2014-ல் எல்லாருக்குமாகத் திறமூலமாக வெளியானது. அவர்கள் வைத்துக்கொண்ட கோஷம், 'நாங்கள் காத்திருக்கப் போவதில்லை'.

சியாட்டிலில் டேனா லூயிஸ் என்ற பெண். டைப் 1, அப்போது தனியாக வசித்தவர். அவருடைய பிரச்சினையைப் படித்து நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அலாரம் சத்தம் போதவில்லை! தூக்கத்தில் கேட்கவில்லை. தயாரிப்பாளர்களிடம் சொல்லியும் ஒன்றும் மாறவில்லை. காஸ்டிக்கின் நிரலை வாங்கி, ஸ்காட் லைப்ராண்டுடன் சேர்ந்து 2013-ல் தனக்கு வேண்டிய சத்தத்தில் அலாரம் செய்துகொண்டார். அங்கே தொடங்கியது எங்கேயோ போனது. சுகர் எங்கே போகும் என்று கணித்து, இன்சுலின் பம்பைத் தானே கூட்டிக் குறைக்கும் 'ஓபன் ஏ.பி.எஸ்.' திட்டத்தை 2015-ல் பொதுவில் வைத்தார்கள். பழைய மாடல் பம்புகளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டை வழியாகத்தான் பம்புக்குக் கட்டளை போனது. பிழையையே வசதியாக மாற்றின மகானுபாவர்கள். இப்படி வீட்டில் பிறந்த இன்னொரு நிரலான 'லூப்'பிலிருந்து வந்த ஒரு வடிவத்துக்கு 2023 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அனுமதி கொடுத்துவிட்டது.

மனைவி பேரில் ஆர்டர் போட்ட இன்ஜினியர், யு.எஸ்.பி. துளையைப் பார்த்த அப்பா, அலாரம் கேட்காத பெண். கருவியைச் செய்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஃப்ரீ தம்பதியும் கிளெமன்ஸும் கம்பெனிக்காரர்கள்தான், அவர்கள் இல்லாமல் நான் இல்லை. ஆனால் கருவி யார் கையில் இருக்கணும், எண்ணை யார் பார்க்கணும் என்று வரும்போது அவர்களின் பட்டியலில் நோயாளி கடைசியில்தான் இருந்திருக்கிறார். அவரே வரிசையில் இடித்துக்கொண்டு முன்னே வர வேண்டியிருந்தது. 'உங்க போன் மாடல் எங்க பட்டியல்ல இல்ல சார்' என்பதும் அதே வரிசைதான்.

சரி, நான் என்ன செய்தேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அவர்கள் போட்டு வைத்த திறமூல நிரல்களை வைத்து என் சென்சார் எண் அம்மா போனுக்கும் போகிற மாதிரி செய்துவிட்டேன். 75-க்குக் கீழே போனால் அம்மா போனில் கோயில் மணி அடிக்கும். இது அங்கீகாரம் பெற்ற ஏற்பாடு இல்லை, என்னைப் பார்த்துச் செய்து மாட்டிக்கொள்ளாதீர்கள். என் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். விரல் குத்தும் மீட்டரும் குளுக்கோஸ் பவுடரும் தலைமாட்டிலேயே இருக்கின்றன. கையை அழுத்திப் படுத்தால் சென்சார் பொய்யாக இறங்கிக் காட்டும், அதனால் ரெண்டு தடவை சும்மாவே மணி அடித்து அம்மா ஓடி வந்தார்கள். திட்டிக்கொண்டேதான். ஆனால் போனை ஆஃப் செய்யச் சொன்னால் மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் வீட்டில் சுகர்காரர்கள் இருப்பார்கள், இல்லாத வீடு எது? ஒரு நாள் அவர்களோடு உட்கார்ந்து மீட்டரைப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் தேதி முடிந்திருக்கிறதா, டப்பாவைத் திறந்தே வைக்கிறார்களா, குத்தும் முன் கை கழுவுகிறார்களா, வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்குன்னு சொல்லிக்கொள்கிறார்களா. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்தும் ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தாவுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன், இந்த முறை எந்த போனில், எந்த அப்டேட்டுக்கு அப்புறம், எத்தனை மணிக்குச் செயலி நின்றது என்று பதிவுகளோடு, பிழை அறிக்கை மாதிரியே. பதில் வந்தால் சொல்கிறேன்.

இப்போது 112, கீழே போகும் அம்பு. அம்மா தோசை ஊத்தக் கூப்பிடுறாங்க, வரட்டா.